களிம்பும் கல்லீரலும்

சென்ற மாதம் ஊரிலிருந்து என் பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்து முடிந்த பிறகு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

“தம்பி, நீ இதெல்லாம் படிக்கிற பிள்ளை. ஈரலுக்குப் பலம் கொடுக்கிற பொடி ஒண்ணு டப்பாவிலே வருதாமே. ஆன்டி-ஆக்ஸிடன்டுன்னு போட்டிருக்குதாம். பக்கத்து வீட்டிலே சொன்னாங்க. அதை வாங்கிக் கொடுத்தா, பாப்பாவோட மாத்திரையை நிறுத்திடலாமா?”

பாப்பா என்று அவர் சொன்னது, இப்போது கல்லூரியில் படிக்கும் தம் மகளை. அவளுக்கு வில்சன் நோய். பார்த்தால் நோயாளி என்று எவரும் சொல்லார். சிரிப்பும் சண்டையுமாகத் திரிகிறவள். நாள் தவறாமல் துத்தநாக மாத்திரை உண்டு வருவதால்தான் அப்படித் திரிகிறாள். அவளுக்கு மூத்தவன், எனக்கு அண்ணன், இன்று இல்லை. அவனுக்கு இருந்ததும் அதே நோய். நோயின் பெயர் வீட்டாருக்குத் தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது.

“வேண்டாம் பெரியம்மா, ஒருநாள்கூட நிறுத்தாதீங்க” என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் வேண்டாம் என்பதை அவருக்கு விளங்கும்படி சொல்ல அன்று என்னால் இயலவில்லை. விஞ்ஞானம் படிக்கிறோம் என்று பெருமை பேசும் நாம் அந்த ‘ஏன்’ என்பதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். அவ்விடையை இங்கே எழுத முயல்கிறேன்.

செம்பு நண்பனா, பகைவனா?

நம் விடுதி அறைகளை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். மேசைக்கு மேசை செம்புக் குப்பி மின்னுகிறது. அதன் அருகிலேயே ‘ஆன்டி-ஆக்ஸிடன்ட்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட ஏதேனும் ஒரு டப்பாவும் இருக்கிறது. இரண்டும் உடம்புக்கு நல்லவை என்று வாங்கி வைத்திருக்கிறோம். மிகுந்துபோனால் முன்னது ஈரலுக்குச் செய்யும் தீங்கைத்தான் பின்னது தடுப்பதாகச் சொல்லப்படுகிறது என்பதை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

செம்பு நஞ்சு அன்று. அது இல்லாவிட்டால் நம் உயிரணுக்கள் மூச்சுவிடா. இரத்தமும் சரிவர ஊறாது. நாள் ஒன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் அளவில் உணவின் வழியாகவே அதைப் பெறுகிறோம். செம்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரைப் பற்றியும் வீண் அச்சம் வேண்டா. இதே பெங்களூரில், ஆயுர்வேத ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் கலந்த நீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்திருந்து பார்த்தபோது, அக்கிருமிகள் மடிந்திருந்தன. நீரில் இறங்கியிருந்த செம்போ லிட்டருக்கு 0.18 மில்லிகிராம் அளவே. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்துள்ள எல்லை 2 மில்லிகிராம். ஆகவே தண்ணீர் குடிப்பவர் குடிக்கலாம்.

ஆனால் அதே பாத்திரத்தில் மோரையோ புளிக்குழம்பையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றி வைத்துப் பாருங்கள். கதை வேறாகிவிடும். இதை நம் பாட்டிமார் எந்தப் பரிசோதனைச் சாலைக்கும் போகாமல் அறிந்திருந்தார்கள். பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசாமல் அவர்கள் அதில் சமைத்ததில்லை. ஈயம் பூசுகிறவர் துருத்தியும் கரியும் சுமந்து தெருத்தெருவாக வந்த காலத்தை இன்றும் அவர்கள் சொல்லக் கேட்கலாம். பூச்சுத் தேய்ந்தால் களிம்பு ஏறும். களிம்பு ஏறினால் சாப்பிட்டவனுக்குக் குமட்டும். செம்போடு கூடவே இருக்கும் இக்களிம்பைத்தான் சைவ சித்தாந்திகள் உயிரைப் பற்றிய மலத்துக்கு உவமையாக எடுத்துக் கொண்டார்கள். அவர்கள் உயிரைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நாம் இங்கே ஈரலைப் பற்றிக் கவலைப்படுவோம்.

ஈரலில் நடப்பது என்ன?

உணவில் வரும் செம்பு முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. அங்கே ஒரு புரதம் காவல் நிற்கிறது. ஏ.டி.பி.7பி. என்பது அதன் பெயர். தேவையான செம்பைச் செருலோபிளாஸ்மின் என்னும் இரத்தப் புரதத்தில் ஏற்றி அனுப்புவதும், மிகுந்ததைப் பித்தநீரில் தள்ளி வெளியேற்றுவதும் அதன் பணி. வருவது மிகுந்தாலும், வாயில் அடைபட்டாலும் செம்பு ஈரலிலேயே தங்கிவிடுகிறது.

தங்கிய செம்பு சும்மா இருப்பதில்லை. அது ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்தும் வாங்கியும் இருநிலைகளுக்கிடையே மாறிக்கொண்டே இருக்கும் உலோகம். உயிரணுவில் இயல்பாக உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு அதனிடம் அகப்பட்டால் ஹைட்ராக்சில் என்னும் தனி உறுப்பு பிறக்கிறது. இரும்பைக் கொண்டு நிகழும் இத்தகைய வினையை 1894-இல் ஃபென்டன் வெளியிட்டார். செம்பும் அதே வேலையைச் செய்யும். ஹைட்ராக்சில் உறுப்பு கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும். உயிரணுச் சவ்விலுள்ள கொழுப்பைத் தாக்கினால், ஒன்றிலிருந்து ஒன்றாகத் தீப்பற்றிக் கொள்ளும் கூரை வீடுகளைப் போலக் கேடு தொடர்ந்து பரவும். உயிரணுவின் உலைக்களமாகிய மைட்டோகாண்டிரியாவும் பழுதுபடும். 1994-இல் அமெரிக்காவில் ரொனால்ட் சோகலும் அவருடைய குழுவினரும் வில்சன் நோயாளிகளின் ஈரலில் இத்தகைய பழுதை நேரே கண்டறிந்தனர்.

ஆக்ஸிஜனேற்றத் தடுப்பிகளுக்கு வேலை இங்கேதான். வைட்டமின் இ சவ்விற்குள் புகுந்து நின்று அத்தீயின் தொடரை அறுக்கிறது. குளுட்டாதையோன் செம்பையே பிடித்துக் கட்டுகிறது. பெராக்சைடை நீராக்கவும் உதவுகிறது. ஆகவே, ‘இவை ஈரலைக் காக்கும்’ என்னும் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த உண்மையை மறுப்பது என் நோக்கமும் அன்று. அது எவ்வளவு உண்மை என்பதே கேள்வி.

நம் மக்கள் வாக்கில் ஒரு பழமொழி உண்டு: எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும். தடுப்பிகள் கொதிக்கும் உலையில் தெளிக்கும் குளிர்ந்த நீர். தெளித்த அளவுக்குப் பொங்குவது தணியும். ஆனால் அடுப்பில் விறகு எரிந்துகொண்டே இருக்கும்போது எத்தனை செம்பு நீரைத் தெளித்துக்கொண்டே இருக்க முடியும்? இங்கே விறகு, தங்கிவிட்ட செம்பு. அதைப் பிடுங்குவதே மருத்துவம்.

பானை மாறியது, நோய் மறைந்தது

இது வெறும் உவமை அன்று. நம் நாட்டிலேயே நடந்து முடிந்த ஒரு வரலாறு இதற்குச் சான்று.

1887-இல் கல்கத்தாவில் சென் என்னும் மருத்துவர் குழந்தைகளின் ஈரல் நோய் ஒன்றை விவரித்தார். பிற்காலத்தில் அதற்கு ‘இந்தியக் குழந்தை ஈரல் இறுகல் நோய்’ என்றே பெயர் வந்தது. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிறு உப்பும், ஈரல் கல்லாக இறுகும், மஞ்சள் பூக்கும், பெரும்பாலும் சில மாதங்களில் உயிர் போகும். ஒரு வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகள் மாண்டதும் உண்டு. தமிழ்நாட்டில் ஈரல்குலைக் கட்டி என்ற சொல்லைக் கேட்டாலே தாய்மார் நடுங்கினர். பழைய தமிழ் இதழ்களைப் புரட்டினால் சென்னை ஜம்மி வெங்கடரமணய்யாவின் ‘லிவர் க்யூர்’ விளம்பரங்கள் கண்ணில் படும். அந்நோயின் அச்சம் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு அவையே சாட்சி.

காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு 1978-இல், அந்நோயில் இறுகிய ஈரலில் செம்பைச் சுமந்த புரதம் படிந்திருப்பதை லண்டன் ஆய்வாளர்கள் சாயமேற்றிக் கண்டனர். ஸ்டூவர்ட் டானர் என்னும் ஆங்கில மருத்துவரும், பூனாவிலிருந்த பாவே, பண்டிட் ஆகிய மருத்துவர்களும் கைகோத்து அச்செம்பு வந்த வழியைத் தேடிப் போனார்கள். 1983-இல் அவர்கள் சுட்டிய இடம், அடுக்களை! தாய்ப்பாலை விரைவில் நிறுத்திவிட்டு, மாட்டுப்பாலையோ எருமைப்பாலையோ பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி, அதிலேயே வைத்திருந்து ஊட்டியதே அவர்கள் கண்ட வழி. பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் செம்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகையால் தண்ணீரில் இறங்காத அளவு செம்பு பாலில் இறங்கிவிடுகிறது. தாய்ப்பாலிலோ செம்பு மிகக் குறைவு.

மருந்தும் தேடினார்கள். செம்பைப் பிடித்து வெளியேற்றும் பெனிசிலமினை நோயின் தொடக்கத்திலேயே கொடுத்தபோது சில குழந்தைகள் பிழைத்தன. ஆனால் நோயை நாட்டைவிட்டு விரட்டியது அந்த மருந்தும் அன்று. எந்த ஈரல் டானிக்கும் அன்று. பாத்திரம் மாறியது! பால் காய்ச்ச எவர்சில்வர் வந்தது. பித்தளை பரணுக்கு ஏறியது. பூனா வட்டாரத்தில் மருத்துவர்கள் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லிப் பாத்திரத்தை மாற்றச் செய்தனர். ஒரு தலைமுறைக்குள் அந்நோய் மருத்துவ மாணவர் புத்தகத்தில் மட்டும் படிக்கும் அரிய நோயாகிவிட்டது.

செம்பு மட்டுமே காரணமா என்பதில் இந்திய மருத்துவரிடையே கருத்து வேற்றுமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பித்தளையில் காய்ச்சிய பாலைக் குடித்த குழந்தைகள் அனைவரும் நோயுறவில்லை; பரம்பரைக் கூறும் அதில் சேர்ந்திருக்கலாம். ஆனால் உலகின் மறுகோடியில் நடந்த ஒன்று இக்கருத்துக்கு வலுவூட்டுகிறது. ஆஸ்திரியாவின் டைரோல் மலைநாட்டில் 1900-க்கும் 1974-க்கும் இடையே 138 குழந்தைகள் இதையொத்த ஈரல் நோயால் மாண்டதை 1996-இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். அங்கும் பூச்சில்லாத செம்புப் பாத்திரத்தில்தான் மாட்டுப்பாலைக் காய்ச்சியிருந்தார்கள். அங்கும் பாத்திரம் மாறியபின் நோய் மறைந்தது. மொழி வேறு, மதம் வேறு, மண் வேறு, களிம்பு ஒன்றே.

பிறப்பிலேயே அடைபட்ட வாயில்

பாத்திரத்தால் வரும் செம்பைப் பாத்திரத்தை மாற்றித் தடுக்கலாம். காவல் நிற்கும் புரதமே பிறப்பிலிருந்து பழுதுபட்டிருந்தால்? அதுதான் வில்சன் நோய். 1912-இல் லண்டனில் கின்னியர் வில்சன் விவரித்தார். அதன் மரபணு 1993-இல் கண்டுபிடிக்கப்பட்டது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்து சேர்ந்தால்தான் நோய் வரும். இவ்வாறு பிறந்த ஒரு பிள்ளைக்கு நோய் கண்டால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

30,000 பேரில் ஒருவருக்கு என்பது உலகக் கணக்கு. அத்தை மகளையும் மாமன் மகளையும் மணந்து பழகிய நமக்கு அக்கணக்கு ஆறுதல் தராது. இந்நகரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள், முப்பது ஆண்டுகளில் தாங்கள் கண்ட 282 வில்சன் நோயாளிகளைப் பற்றி 2007-இல் எழுதினார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உறவுமுறைத் திருமணத்தில் பிறந்தவர்கள். நோய் தலைகாட்டிய வயது சராசரியாக 16-ஐ ஒட்டியது. நண்பர்களே, இந்த வயதைக் கவனியுங்கள். இது நம் வயது; நம் தம்பி தங்கையர் வயது.

என் அண்ணனுக்குப் பதினான்காம் வயதில் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். காமாலை தணிந்தது; கீழாநெல்லிக்குப் பெயர் வந்தது. ஈராண்டு கழித்துக் கை நடுங்கத் தொடங்கியது. முத்து முத்தான அவன் கையெழுத்துக் கோணல்மாணலாயிற்று. சோம்பேறி என்று ஏசினார் பள்ளி ஆசிரியர். பேச்சுக் குழறியபோது, காற்றுக் கருப்புப் பட்டிருக்கிறது என்று கோயில் கோயிலாக அழைத்துப் போனார்கள். இறுதியில் ஒரு கண் மருத்துவர் அவன் கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையத்தைக் கண்டார். செம்பு அங்கே எழுதி வைத்திருந்த கடிதம் அது. படிக்கத் தெரிந்தவர் கண்ணில் அது மிகத் தாமதமாகப் பட்டது.

ஆனால் அவனால் ஒரு நன்மை விளைந்தது. மருத்துவர் சொன்னதன்பேரில் தங்கையையும் சோதித்தார்கள். இரத்தத்தில் செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கண்ணில் ஒரு பரிசோதனை: இவ்வளவுதான். நோய் இருந்தது, குறி ஒன்றும் வெளிப்படவில்லை. அன்றே மருந்து தொடங்கிற்று. துத்தநாகம் குடலின் உயிரணுக்களில் மெட்டலோதையோனீன் என்னும் புரதத்தைப் பெருக்குகிறது. அப்புரதம் உணவில் வரும் செம்பைப் பற்றிக்கொண்டு, உதிரும் அணுக்களோடு கழிவில் போய்விடுகிறது. இதுவே விறகைப் பிடுங்கும் வேலை.

தேங்கிவிட்ட செம்பை வெளியேற்ற வழி கண்டவர் ஜான் வால்ஷ். பெனிசிலமினை முதலில் தாமே விழுங்கிப் பார்த்துவிட்டு, பிறகு நோயாளிக்குக் கொடுத்து, 1956-இல் உலகுக்கு அறிவித்தார். அம்மருந்தைத் தாமாக நிறுத்தியவர் நிலை என்ன? 1987-இல் நியூயார்க்கின் ஷைன்பெர்க் குழு வெளியிட்ட கட்டுரையில் அத்தகையோர் 11 பேரின் கதை வருகிறது. அவர்களில் 8 பேர் சராசரி இரண்டரை ஆண்டுக்குள் இறந்தனர். பெரியம்மா கேட்ட கேள்வியின் விலை இதுதான்.

எலிகளும் இலைச்சாறுகளும்

இனி நம் வீட்டுக் குறையையும் பேசிவிடுவோம். டப்பாக்காரருக்கு அந்தத் துணிவைக் கொடுப்பது யார்? நாம்தான்!

எலிக்குக் காப்பர் சல்பேட்டைக் கொடு; கூடவே ஏதாவது ஓர் இலையின் சாற்றைக் கொடு; ஈரல் நொதிகள் குறைந்தனவா என்று பார்; குறைந்தால் ‘ஈரலைக் காக்கிறது’ என்று எழுது. இத்தகைய கட்டுரைகள் மலைபோலக் குவிந்திருக்கின்றன. நானும் அந்த எலிக்கூண்டின் அருகில் நின்றவன்தான். அதனால் உரிமையோடு கேட்கிறேன். நோய் வருமுன்னரே சாறு கொடுத்தோம். நோயாளி நோய் வந்தபின் அல்லவா வருகிறான்? சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் குடலிலேயே செம்பைக் கட்டி, ஈரலுக்குப் போகவிடாமல் செய்திருக்கலாமே? ஈரலில் செம்பின் அளவைச் சோதிக்காமல், காத்தது ஆக்ஸிஜனேற்றத் தடுப்புத்தான் என்று எப்படிச் சொல்வது? எலி வாரக்கணக்கில் வாழ்ந்த சோதனையைக் கொண்டு, வாழ்நாள் முழுவதும் நோயோடு இருப்பவனுக்கு வாக்குறுதி அளிக்கலாமா?

‘நன்மை இல்லாவிட்டால் போகட்டும், தீமை இல்லையே!’ என்பார் சிலர். அதுவும் சரியன்று. கட்டற்ற செம்பு இருக்குமிடத்தில் வைட்டமின் சி அச்செம்பை மீண்டும் மீண்டும் வினைக்கு ஆயத்தமாக்கித் தீயை வளர்க்கும் என்பதைப் பரிசோதனைக் குழாயில் காணலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடத்திய பெருஞ்சோதனையில், பீட்டா கரோட்டின் உண்டவருக்கு நுரையீரல் புற்று 18 விழுக்காடு மிகுந்ததை 1994-இல் கண்டனர். மறுபுறம், 2010-இல் அமெரிக்காவில் கொழுப்பு ஈரல் அழற்சிக்கு வைட்டமின் இ கொடுத்துப் பார்த்தபோது, 43 விழுக்காட்டினருக்கு ஈரல் தேறியது. வெற்று மாத்திரை உண்டவரில் தேறியவர் 19 விழுக்காடு. ஆகவே தடுப்பி தெய்வமும் அன்று, பேயும் அன்று. எந்த நோய், எந்தப் பொருள், எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது. வில்சன் நோயைப் பொறுத்தவரை, வைட்டமின் இ துணை மருந்தாக உதவலாம்; ஆனால் கண்டிப்பான ஆய்வு நடக்கவில்லை என்றே ஐரோப்பிய ஈரல் ஆய்வுக் கழகம் 2012-இல் எழுதியது. துணை என்ற சொல்லை மறந்துவிட வேண்டா. துணைவன் வந்தான் என்று தலைவனை வீட்டைவிட்டு அனுப்புவார் உண்டோ?

நாம் செய்யத்தக்கவை

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள்கள் மூன்று.

முதலாவது, இளவயதில் காரணம் தெரியாத காமாலை, கை நடுக்கம், பேச்சுக் குழறல், திடீரெனக் கெட்டுப்போகும் கையெழுத்து, மாறிப்போகும் குணம் இவற்றைக் கண்டால் வில்சன் நோய்க்கும் சோதிக்க வேண்டும், நோயாளியின் உடன்பிறந்தாரையும் சோதிக்க வேண்டும் என்று எளிய தமிழில் ஒரு பக்கத் துண்டு வெளியீடு அச்சிடுவோம். விடுமுறைக்கு ஊர் போகும்போது ஆளுக்குப் பத்துப் படி கொண்டுபோய்ப் பள்ளிகளில் கொடுப்போம்.

இரண்டாவது, ஓசூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் இந்நகர மருத்துவமனைகளுக்கு வந்து, கன்னடமும் ஆங்கிலமும் புரியாமல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் நம்மவர்க்கு மொழித்துணையாகச் செல்வோம். ‘இந்த மருந்தை வாழ்நாள் முழுவதும் நிறுத்தக் கூடாது’ என்னும் ஒரு வாக்கியம் தாய்மொழியில் சரியாகப் போய்ச் சேர்ந்தால், அது ஓர் உயிர்.

மூன்றாவது, நம்மில் ஆய்வு செய்வோர், தடுப்பி எது என்று தேடுமுன் காரணம் எது என்று தேடுவோம். பூனா மருத்துவர்கள் பானையைப் பார்த்தார்கள். நாமும் பானையைப் பார்க்கக் கற்போம்.

இவ்விதழ் வெளிவந்ததும் ஒரு படியைப் பெரியம்மாவுக்கு அனுப்பப் போகிறேன். பாப்பா படித்துக் காட்டுவாள். படித்து முடித்ததும் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வாள். அது போதும் எனக்கு.